முள்ளு ஐயா சீல் வைத்த அலமாரி

என் அத்தானுக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் முள்ளு ஐயா. தராசின் நடுவில் நின்று ஆடுமே, அந்த முள். வேலைக்காலம் முழுக்க அவர் எடை அளவை ஆய்வாளராக இருந்தார். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை வைப்பார், இல்லாவிட்டால் கேஸ் போடுவார். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், அடியில் குடைந்து ஈயத்தைச் சுரண்டிய எடைக்கல் என்று அவர் பார்க்காத தில்லுமுல்லு கிடையாது. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நன்றி சொல்வதற்கு முன்னால் மேடையிலேயே அதைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

வேலை போனாலும் சந்தேகம் ஓய்வு பெறவில்லை. வீட்டுக்கு வரும் சர்க்கரைப் பொட்டலம் முதலில் சமையலறைத் தராசில் ஏறி இறங்கும். அதற்குப் பிறகுதான் அக்கா அதைப் பிரிக்கலாம். நான் அக்காவின் தம்பி. எப்போதாவது போய் இரண்டு நாள் தங்கினால், கிளம்பும்போது என் பையையும் ஒருமுறை பார்வையால் எடை போட்டுத்தான் அனுப்புவார். அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் அந்த வீட்டு வாசலையே மிதிக்க முடியாது.

வீடு மாடியில், கீழே ஒரே ஒரு கடை. ஓய்வுப் பணம் போதாமல் வங்கியில் கடன் வாங்கிக் கட்டியது. கடை வாடகை வந்தால் கடன் தவணை கட்டுவார். வராவிட்டால், வங்கிக்காரர்கள் கடையோடு மாடியையும் சேர்த்துத்தான் ஏலம் விடுவார்கள். அக்காவுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. வாடகைத் தேதி நெருங்கினால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

முதலில் குடிவந்தவர் மூக்குக்கண்ணாடி வியாபாரி. ஒல்லியான மனிதர், லேசான கூன், தோளில் எந்நேரமும் ஒரு துணிப்பை. ஐந்து வருட ஒப்பந்தம். முதல் இரண்டு வருடம் தேதி தவறாமல் வாடகை கொடுத்தார். "இவ்வளவு ஒழுங்கா ஒருத்தன் குடுத்தா, உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு மச்சான்," என்று அத்தான் என்னிடம் அப்போதே சொன்னார்.

மூன்றாம் வருடம் பக்கத்துத் தெருவில் கண்ணாடி விற்கும் பெரிய கடை ஒன்று குளிர்சாதன வசதியோடு வந்தது. இவர் கடையில் கூட்டம் குறைந்தது, வாடகை தள்ளிப்போனது. அந்த நாட்களில்தான் அக்காவின் நச்சரிப்புக்காக அத்தான் அவரிடம் கண்ணைக் காட்டினார். "நம்பர் ரொம்ப ஏறியிருக்குங்க ஐயா," என்றார் கண்ணாடிக்காரர். "ஏறும் ஏறும். ஏறினாத்தானே உமக்குக் காசு," என்றார் இவர். வேண்டாவெறுப்பாகப் புதுக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வந்தவர், அதை வாங்கப் போகவே இல்லை. பழைய கண்ணாடியே போதும் என்று இருந்துவிட்டார்.

ஒருநாள் மதியம் நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, இனி என்னால முடியல. கடையை நீங்களே எடுத்துக்கோங்க," என்று சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பதில் வருவதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். அக்கா சாவியை எடுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதே!" என்று அத்தான் போட்ட சத்தத்தில் எனக்குப் புரையேறியது. "ஏன் வெச்சான், எதுக்கு வெச்சான்னு தெரியாம அதை யாரும் தொடக்கூடாது."

எழுந்து ஒரு டம்ளரைக் கொண்டுவந்து சாவிமேல் கவிழ்த்தார். ஒரு வாரம் அந்த டம்ளர் மேசை நடுவில் அப்படியே இருந்தது. அக்கா அதைச் சுற்றித் தட்டு வைத்துப் பரிமாறினாள். வருகிறவர்களெல்லாம் உள்ளே என்ன பூச்சி என்று கேட்டார்கள்.

நான் ஒரு வக்கீலம்மாவிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். அத்தானை அவரிடம் கூட்டிப்போனேன். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது இதுதான்.

"சாவியைத் தொட்டீங்களா?"

"தொடலம்மா."

"நல்லவேளை. பேசாம வாங்கி வெச்சிருந்தா, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஒப்பந்தத்தை முடிச்சுக்கிட்டாங்கன்னு அவர் பக்கத்துல சொல்லியிருப்பாங்க. மிச்ச வருஷத்துக்கு ஒண்ணும் கேக்க முடியாமப் போயிருக்கும். இப்போ முதல்ல கண்ணாடிக்காரருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புவோம். கடையை உங்க பொறுப்புலதான் வேற ஆளுக்கு விடுறேன், புது வாடகை குறைஞ்சா ஒப்பந்தம் முடியிற வரைக்கும் அந்தக் குறையை நீங்கதான் ஈடுகட்டணும்னு. அதுக்கப்புறம் சாவியை எடுங்க."

அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காலமெல்லாம் சந்தேகப்பிராணி என்று பேர் வாங்கியவருக்குச் சந்தேகத்துக்காக முதல்முறையாகப் பாராட்டு கிடைத்தது. அவர் கெட்டதே அந்தப் பாராட்டால்தான்.

"ஆனா ஒண்ணு," என்றார் வக்கீலம்மா. "நியாயமான ஆள் வந்தா விட்டுடணும். கடையைப் பூட்டி வெச்சுக்கிட்டு, வாடகை அவன் கணக்குல ஏறட்டும்னு உக்காந்திருந்தா செல்லாது. ஆள் தேடினீங்களான்னு கோர்ட்ல கேப்பாங்க."

பாதிதான் அத்தான் காதில் விழுந்திருக்கும். நோட்டீஸ் போன மறுநாள் டம்ளரைத் தூக்கிச் சாவியை எடுத்துக் கடையைத் திறந்தார். எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் அட்டை மட்டும் சுவரில் தொங்கியது. சுவரோடு சேர்ந்த மர அலமாரிக்குள் பழுப்புப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் செய்து முடித்த கண்ணாடிகள். "பாக்கிக்கு ஈடு," என்று சொல்லிக் கதவை மூடினார். மாடிக்குப் போய்த் தன் பழைய தகரப்பெட்டியிலிருந்து கம்பியும் ஈயவில்லையும் குறடும் கொண்டுவந்தார். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே கம்பியைக் கோத்து, ஈயத்தை வைத்து ஒரே அழுத்து. சீல் விழுந்துவிட்டது. வக்கீலம்மாவைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. சீல் வைக்க அவர் என்றைக்கு யாரைக் கேட்டிருக்கிறார்?

பிறகு குடித்தனம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்ன வாடகைக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பேரமே பேசாதவன் வாடகை தரப்போவதில்லை என்று அவரைத் தட்டிக்கழித்தார் அத்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் பேரம் பேசினார். இப்போதே இப்படிப் பிடுங்குகிறவன் பின்னால் என்ன பாடு படுத்துவான் என்று அவரையும் கழித்துக்கட்டினார். சைக்கிள் கடைக்காரர் வந்து அலமாரியைப் பார்த்து, "இது எதுக்கு சீல்?" என்று கேட்டதோடு சரி, அவர் பாதியிலேயே வெளியே அனுப்பப்பட்டார். கடை மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. வங்கியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அக்கா இளைத்துப் போனாள்.

வக்கீலம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "உங்க சந்தேகத்தால கடை காலியா கிடந்தா அந்த நஷ்டம் உங்க தலையிலதான் விடியும். கண்ணாடிக்காரர் தலையில இறக்க முடியாது."

அந்த வாரமே தையல்காரம்மா வந்தார். மூன்று தையல் இயந்திரம், ஒரு இஸ்திரி மேசை, கழுத்தில் தொங்கும் அளவு நாடா. அத்தான் முதலில் அந்த நாடாவை வாங்கித் தன் நாடாவோடு வைத்து அளந்து பார்த்தார். நீளம் சரியாக இருந்தது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். பழைய வாடகையைவிடக் குறைவுதான், ஆனால் ஒழுங்காக வரும் என்று தோன்றியது. குறைவதை ஈடுகட்டச் சொல்லிக் கண்ணாடிக்காரருக்கு இன்னொரு நோட்டீஸ் போனது. அலமாரியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு கடை தையல்காரம்மா கைக்குப் போனது.

அக்கா நன்றாகச் சாப்பிட்டது எத்தனையோ நாள் கழித்து அன்றைக்குத்தான்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் என்னை அவசரமாக வரச் சொன்னார். போனால், மாடிப்படி திரும்பும் இடத்தில் ஜன்னலோரம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் கடை வாசல் தெரியும்.

"உக்காரு. சத்தம் போடாதே," என்றார். "கவனி. இப்போ உள்ள போறாளே அந்தப் பொம்பளை, கையில துணி இருக்கா?"

இல்லை. சற்று நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்தார். கையில் ஒரு சின்னப் பழுப்புப் பொட்டலம்.

"ஜாக்கெட் அந்த சைஸ்ல மடியுமா?" என்றார் அத்தான்.

எனக்கும் மூக்கு வியர்த்தது. அடுத்து வந்த கிழவரும் வெறுங்கையோடு போய்ப் பொட்டலத்தோடு வந்தார்.

"இது ஒண்ணுமில்ல. சாயங்காலம் இரு, காட்டுறேன்."

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு ஆள் வந்தான். கொஞ்சம் குனிந்த நடை, தோளில் பெரிய துணிப்பை. பக்கவாட்டுக் கதவு வழியாகக் கடைக்குள் போனான். முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அத்தான் என் தொடையைக் கிள்ளினார்.

"அவனேதான். கூனைப் பாத்தியா, பையைப் பாத்தியா? பெரிய வாடகையை விட்டுட்டுப் போன மாதிரி போயி, இந்தம்மா பேர்ல சின்ன வாடகைக்குத் திரும்ப உள்ள வந்துட்டான். என் கடையிலேயே உக்காந்து எனக்கே காதுல பூ சுத்துறான். காலிபண்ணச் சொல்லி நோட்டீஸ் எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை குடுக்கப்போறேன்."

அலமாரிச் சீல் அறுந்திருக்கிறதா என்று கேட்டேன். அதுதான் அவரையும் குடைந்தது. தினமும் காலையில் வாடகைதாரரின் கடைக்குள் நுழைந்து சீலைத் தடவிப் பார்க்கிறாராம். முழுசாக இருக்கிறதாம். "அதுதான் கைகாரத்தனம்," என்றார். எனக்கு யாரை நம்புவது என்றே தெரியவில்லை. தையல்காரம்மா எதையோ மறைக்கிறார் என்று மட்டும் பட்டது. இதற்கிடையில் அக்கா வெங்காயம் எடுக்க வேண்டும் என்று எங்களைத் தாண்டிப் படியிறங்கினாள். படிக்கட்டுக்கு அடியில் கடையின் பின்சுவரை ஒட்டி அவளுடைய சின்னச் சாமான் அறை இருக்கிறது. வெங்காயம், பழைய பாத்திரம் எல்லாம் அங்கேதான்.

திங்கட்கிழமை வக்கீலம்மாவிடம் சொன்னேன்.

"அந்தம்மா வாடகை ஒழுங்கா தர்றாங்களா?"

"தர்றாங்க. அதையும் ஒரு சந்தேகமாத்தான் சொல்றாரு."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "காரணமில்லாம அவங்களை வெளிய அனுப்பினா, அதுக்கப்புறம் கடை காலியா கிடக்கிற நஷ்டத்தைக் கண்ணாடிக்காரர்கிட்ட கேக்கவே முடியாது. நல்லா வந்துகிட்டிருந்த வாடகையை நீங்களே கெடுத்தீங்கன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவார்? கண்ணாடிக்காரரே பின்னால நின்னு நடத்துறார்னா அது மோசடி, அது வேற கதை. ஆனா அதுக்கு ஆதாரம் வேணும்."

ஆதாரம் என்றதும் அத்தானுக்கு இளமை திரும்பிவிட்டது. அவர் வேலையில் இதற்கென்று ஒரு வழி உண்டு. சந்தேகப்பட்ட கடைக்கு அதிகாரி போகமாட்டார். கடைக்காரனுக்கு முகம் தெரியாத ஒரு ஆளை அனுப்பிப் பொருள் வாங்கவைத்து, வெளியே கொண்டுவந்து எடை போடுவார்கள். சோதனை வாங்கல் என்று பெயர். தையல்காரம்மாவுக்கு என்னைத் தெரியாது. ஆகவே வாங்குகிற ஆள் நான்.

செவ்வாய்க்கிழமை கடைக்குள் போனேன். தையல்காரம்மா ஒரு சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். பின்னால் அலமாரி. ஈயம் சிமெண்ட் நிறத்தில் தொங்கியது, யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

"இங்க முன்னாடி கண்ணாடிக்குப் பணம் கட்டியிருந்தேன்," என்றேன்.

இயந்திரம் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "சீட்டு இருக்கா சார்?"

"தொலைஞ்சுபோச்சு."

"அப்படின்னா கேட்டுத்தான் சொல்லணும். வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல வாங்க."

"யார்கிட்ட கேக்கணும்?"

அவர் முகம் மூடிக்கொண்டது. "வியாழக்கிழமை வாங்க சார்," என்று மறுபடியும் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

அத்தானிடம் சொன்னபோது அவர் முக்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கேட்டுச் சொல்றாளாமா! அப்போ கேக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கான். மாட்டினான் மச்சான். கையும் களவுமா பிடிக்கிறோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வியாழக்கிழமையே நோட்டீஸ்."

எனக்கு உள்ளுக்குள் கலக்கம்தான். அத்தான் சொன்னது சரியாக இருந்தால் நாங்கள் எல்லோரும் ஏமாந்திருக்கிறோம். தவறாக இருந்தால், அந்த அம்மாவின் மூன்று இயந்திரமும் தெருவுக்கு வரும், கடை மறுபடி காலியாகும், வங்கி மறுபடி போன் செய்யும். அக்காவிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெங்காயம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நானும் அத்தானும் ஒன்றாகக் கடைக்குள் நுழைந்தோம். அவர் சட்டைப்பையில் நோட்டீஸ், கையில் குறடு. எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் தையல்காரம்மா எழுந்து நின்றுவிட்டார். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் ஏற்கெனவே பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா, யாரும் நகரக்கூடாது," என்றார் அத்தான், பழைய ஆய்வாளர் குரலில். நேராக அலமாரியிடம் போனார். சீலைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "முத்திரை முழுசா இருக்கு. மச்சான், நீ சாட்சி." குறடால் கம்பியைக் கத்தரித்து, இரண்டு கதவுகளையும் ஒரே இழுப்பாக இழுத்தார்.

தட்டுகள் காலியாகத் தெரிந்தன. அலமாரியின் முதுகுப்பக்கம் திறந்திருந்தது. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம், சாமான் அறையின் மங்கிய விளக்கில், கையில் ஒரு பழுப்புப் பொட்டலத்தோடு என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

பெஞ்சில் இருந்த பெண்தான் முதலில் பேசினார். "அதுதாங்க, அது என்னோடதுதான்," என்று எழுந்து வந்து, அலமாரி வழியாகக் கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

"நீயா?" என்றார் அத்தான்.

"நான்தான்," என்றாள் அக்கா. "சீலை நான் தொடவே இல்லையே."

அந்த அலமாரி முதலில் அவளுடையது. கடை கட்டும்போது இடம் போதவில்லை என்று அதைச் சுவரில் பதித்து, கடைப்பக்கம் புதுக் கதவு போடச் சொன்னவர் அத்தான். அவள் பக்கத்துப் பழைய கதவை யாரும் எடுக்கவில்லை. அதன்மேல் ஒரு சாக்கு தொங்கியது, அவ்வளவுதான். ஊரிலுள்ள தராசுக்கெல்லாம் அடியில் கைவிட்டுப் பார்த்த மனிதர், தன் வீட்டு அலமாரிக்குப் பின்னால் பார்க்கவில்லை.

"ஒரு டீச்சரம்மா வந்து அழுதாங்க," என்றாள் அக்கா. "முழுப்பணமும் கட்டிட்டேன், கண்ணாடி இல்லாம நோட்டுத் திருத்த முடியலன்னு. கண்ணாடிக்காரர் உங்களுக்குப் பாக்கி. அவங்க உங்களுக்கு என்னங்க பாக்கி? உங்ககிட்ட சொன்னா, பேசி வெச்சு நாடகம் ஆடுறாங்கன்னு சொல்லியிருப்பீங்க. அதான் நானே இந்தப் பக்கமா எடுத்து இந்தம்மாகிட்ட குடுத்து அனுப்பினேன். சீட்டு இல்லாதவங்க யார் எதுன்னு இந்தம்மா வந்து என்னைக் கேப்பாங்க. பாவம், நீங்க காலிபண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துகிட்டே செஞ்சாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடியிருந்தவரின் சாமானையே கோர்ட்டைக் கேட்காமல் பிடித்துவைத்தது தவறு. அது போக, உள்ளே இருந்தது அவர் சாமானும் இல்லை, ஊரார் காசு கொடுத்து வாங்கிய கண்ணாடிகள். அதில் ஒருவர் புகார் கொடுத்திருந்தால், வாடகைக் குறையைக் கேட்கப் போன அத்தான் கூண்டில் பதில் சொல்ல நின்றிருப்பார். அவர் வழக்கைக் காப்பாற்றியதே அக்காவின் திருட்டுதான். இதை அவரிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"சரி. சாயங்காலம் வர்றானே, கூனன்? அவன் யாரு?"

"என் தம்பிங்க ஐயா," என்றார் தையல்காரம்மா. "தைச்ச துணியை வீடு வீடா கொண்டுபோய்க் குடுப்பான். இன்னைக்குக் காலையிலேயே வந்துட்டான்." பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். துணிப்பையோடு நின்றவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மீசை அடர்த்தியாக, பூசினாற்போல உடம்பு. பை கனத்ததால்தான் குனிந்திருந்தான். கண்ணாடிக்காரருக்கும் அவனுக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. ஆனால் அத்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனையே உற்றுப்பார்த்தார். அவ்வளவு பக்கத்திலும் அவருக்குக் கூனும் பையும்தான் தெரிந்தன என்று எனக்குப் புரிந்தது.

"வெங்காயம்..." என்றார் திடீரென்று அக்காவைத் திரும்பிப் பார்த்து. "தினம் தினம் வெங்காயம்."

"சர்க்கரையைத்தானே நிறுப்பீங்க," என்றாள் அக்கா.

பிறகு அலமாரியின் மேல்தட்டு மூலையில் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அது ஒன்றுதான் மிச்சம். மேலே பென்சிலில் 'மாடி ஐயா' என்று கண்ணாடிக்காரரின் கையெழுத்து. "இதை மட்டும் நான் கொண்டுவந்து தரல. ஏது, எப்படி வந்துச்சுன்னு கேட்டிருப்பீங்க. உங்க சீலை நீங்களே உடைச்சு எடுக்கட்டும்னு வெச்சிருந்தேன்."

அத்தான் பொட்டலத்தைப் பிரித்தார். பழக்கம் விடுமா, கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஏதாவது கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டார். பக்கவாட்டுக் கதவில் நின்றவனைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த நோட்டீஸை எடுத்து நான்காக மடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தையல்காரம்மா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசியாக அத்தான் அலமாரிக்குள் பார்த்தார். அந்தப் பக்கம் அக்கா இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தார். குரல் இறங்கிப்போய்விட்டது.

"ஏம்மா, உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க கடையைப் பாத்துக்கிட்டு இருந்தீங்கல்ல," என்றாள் அக்கா, "அப்போதான்."